பையன் ஸ்கூலுக்குப் போகாத அந்தத் திங்கட்கிழமை

இதை எழுத எனக்கு ஐந்து மாதம் ஆனது. போன ஜூலையில் ஒரு திங்கட்கிழமை, பத்தாம் வகுப்பு படிக்கிற என் மகன் இரண்டு கூட்டாளிகளோடு ஸ்கூலைக் கட் அடித்துவிட்டு திருவனந்தபுரம் போனான். மற்ற இரண்டு பேரும் ராத்திரி ஏழரை மணிக்கு வீடு வந்து சேர்ந்தார்கள். என் மகன் வரவில்லை. அவனைக் கையில் பிடிக்க மறுநாள் சாயங்காலம் வரை ஆனது. அந்த நேரம் முழுக்க யாரைக் கூப்பிடணும், எங்கே போகணும், எந்தப் பேப்பரை எடுக்கணும் என்று ஒன்றும் தெரியாமல் நான் தனியாக அலைந்தேன். யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டி, குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில். கணவருக்கு மஸ்கட்டில் வேலை, வருஷத்துக்கு ஒரு மாதம் வருவார். நான் வீட்டிலேயே தையல் போடுகிறேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் திருவனந்தபுரம் வேற ஸ்டேட் என்றே மனசில் படாது. 1956 நவம்பர் 1 வரைக்கும் எங்கள் பக்கத்து விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியோடுதான் இருந்தன. இன்றைக்கும் பெரிய நோய் என்றால் மெடிக்கல் காலேஜுக்கும் ஸ்ரீசித்ராவுக்கும் ஓடுகிறோம், கல்யாணத்துக்குத் துணி எடுக்கக் கிழக்கேகோட்டை போகிறோம். பிள்ளைகளுக்கும் அதே பழக்கம்தான். குழித்துறையில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் திருவனந்தபுரம் ஸ்டேஷன் இருக்கிற தம்பானூரில் நிற்கலாம். அது எவ்வளவு பக்கமோ, நடுவில் இருக்கிற எல்லை அவ்வளவு பெரியது என்பது அன்று ராத்திரிதான் எனக்குத் தெரிந்தது.

அன்று காலை ஏழே முக்காலுக்கு எப்போதும் போல பையைத் தூக்கிக்கொண்டு போனான். சாளை மீன் பொரித்து, சோறும் புளிக்கறியும் கட்டிக் கொடுத்தேன். யூனிஃபார்ம் சட்டைக்கு உள்ளே கலர் டீ-ஷர்ட் போட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஆடி மாதம், காலையிலிருந்தே மழை. உள்ளே பனியன் போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். திங்கட்கிழமை ஸ்கூல் முடிந்து நேரே டியூஷன் போய்விட்டு ஏழேகாலுக்குத்தான் வருவான். அதனால் ஏழேகால் வரை நான் எதையும் தேடவில்லை. நிம்மதியாக ஒரு கல்யாண பிளவுஸுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்கூலிலிருந்து அன்று காலை பத்து இருபதுக்கே மெசேஜ் வந்திருக்கிறது, உங்கள் மகன் இன்று வரவில்லை என்று. வந்தது என் கணவரின் பழைய இந்திய நம்பருக்கு. அந்த சிம் அலமாரியில் ஒரு டப்பாவுக்குள் கிடந்தது. ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போது கொடுத்த நம்பர், அதற்குப் பிறகு யாரும் மாற்றவில்லை. ஒன்பது மணி நேரம் அங்கேயே போயிற்று. பத்தரை மணிக்கு அது என் கண்ணில் பட்டிருந்தால், பையன்கள் மியூசியம் வாசலில் நின்றுகொண்டிருக்கும்போதே கதை முடிந்திருக்கும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் நாளைக்கே ஸ்கூல் ஆபீஸில் கேளுங்கள், எந்த நம்பருக்கு மெசேஜ் போகிறது என்று. வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகளில் முக்கால்வாசி இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏழரைக்கு டியூஷன் சாருக்கு போன் போட்டேன். "இன்னைக்கு வரலையே" என்றார். அவன் கையில் இருந்த போன் ஸ்விட்ச் ஆஃப். எனக்குக் கால் உதற ஆரம்பித்தது. ஆனாலும் நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா, யாருக்கும் சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். பக்கத்து வீட்டு அக்கா, "எங்க போற இந்த மழையில?" என்று கேட்டதற்கு, பால் வாங்க என்று சொன்னேன். கணவர் ஊரில் இல்லை, பையனை வளர்க்கத் தெரியவில்லை என்று நாலு பேர் சொல்வார்களே என்ற பயம். அந்தப் பயத்துக்கு ஒரு மணி நேரம் கொடுத்தேன். பஸ் ஸ்டாப், ரயில்வே கேட், கிரிக்கெட் விளையாடுகிற தோட்டம் என்று இருட்டில் சுற்றினேன். அந்த ஒரு மணி நேரத்தில் அவன் தப்பான ரயிலில் உட்கார்ந்து இன்னும் தூரமாகப் போய்க்கொண்டிருந்தான்.

எட்டரைக்கு அவன் கூட்டாளி வீட்டுக்குப் போனேன். அந்தப் பையன் குளித்துவிட்டு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் கத்தினேன். என் பிள்ளை எங்கே, போலீஸில் சொல்லி உன்னைப் பிடித்துக் கொடுப்பேன் என்றெல்லாம் சொன்னேன். அவன், "நாங்க ஸ்கூலுக்குத்தான் போனோம், அவன் வரல்ல" என்று அடித்துச் சொன்னான். அவன் அம்மாவும் அதை நம்பினாள், நானும் நம்பிவிட்டேன். அங்கே இன்னும் அரை மணி நேரம் போயிற்று. கடைசியில் அந்த வீட்டு அம்மச்சிதான் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார்கள்: "மக்களே, ஒன்ன யாரும் அடிக்க மாட்டாவ. அந்தப் பயல எங்க விட்டுட்டு வந்த?" உடனே அழுதுகொண்டே எல்லாம் கொட்டிவிட்டான். தம்பானூர் ஸ்டேஷனில் கூட்டத்தில் பிரிந்துவிட்டார்கள், இவர்கள் இரண்டு பேரும் நாகர்கோவில் வண்டியில் ஏறிவிட்டார்கள், அவன் பின்னாடி வருகிறான் என்று நினைத்தார்கள், குழித்துறையில் இறங்கிப் பார்த்தால் ஆள் இல்லை. பயத்தில் மூச்சு விடவில்லை. கூட இருந்த பிள்ளைகளிடம் கேட்க வேண்டி வந்தால் தயவுசெய்து மிரட்டாதீர்கள். அடி விழாது என்று உறுதியாகத் தெரிந்தால்தான் வாய் திறக்கும்.

ஒன்பதேகாலுக்குப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷன். முதலில் இருந்தவர், "இந்த வயசுப் பசங்க ராத்திரி வந்துருவானுங்கம்மா, காலைல வாங்க" என்றார். நான் திருவனந்தபுரத்தில் தொலைந்தான் என்று சொன்னதும், "அப்போ அங்கல்ல போய் கம்ப்ளெயிண்ட் கொடுக்கணும், அது கேரளா லிமிட்" என்றார். ஒரு வெள்ளைத் தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டார்கள், ரசீது தரவில்லை. பத்தே முக்கால் வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நான் படித்தவள்தான், ஆனால் அப்போது எனக்கு எதிர்த்துப் பேச ஒரு வார்த்தையும் தெரியவில்லை. பிறகுதான் தெரிந்துகொண்டேன். காணாமல் போன குழந்தை பற்றி எந்தப் புகார் வந்தாலும் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும் என்று 2013 மே மாதம் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. குழந்தை கடத்தப்பட்டதாகவே எடுத்துக்கொண்டு விசாரணையைத் தொடங்கணும் என்றும் அதிலேயே இருக்கிறது. எல்லை விஷயமும் அப்படித்தான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, சம்பவம் எந்த இடத்தில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிந்து அந்த இடத்துக்கு அனுப்பலாம். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று சொல்கிறார்கள். 18 வயதுக்குள் இருக்கிற பையன், எஃப்.ஐ.ஆர். போடுங்கள், நகல் கொடுங்கள் என்று இரண்டே வரி சொல்லத் தெரிந்திருந்தால் போதும். எல்லையோரத்தில் இருக்கிற நமக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் போனால் அந்தப் பக்கம்தான் போவார்கள்.

1098-ஐப் பற்றி எனக்குச் சொன்னது எங்கள் அங்கன்வாடி டீச்சர். அந்த நேரத்தில் வேறு வழி தெரியாமல்தான் அவருக்குப் போன் பண்ணினேன். குழந்தைகளுக்கான அந்த நம்பர் நாள் முழுக்க இயங்கும், காசு கிடையாது. பேர், வயது, உயரம், போட்டிருந்த சட்டை, கடைசியாகப் பார்த்த இடம், நேரம் எல்லாம் கேட்டார்கள். சட்டை என்ன நிறம் என்று கேட்டபோதுதான் எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. யூனிஃபார்ம் என்று சொன்னேன், ஆனால் அவன் பகல் முழுக்க மஞ்சள் டீ-ஷர்ட்டில் திரிந்திருக்கிறான். கூட்டாளியிடம் கேட்டுச் சொன்னேன். பதினொன்று இருபதுக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். பையன் கொல்லத்தில் பத்திரமாக இருக்கிறான். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நாலு மணி நேரம் யாருக்குத் தெரியக்கூடாது என்று ஒளித்தேனோ, அவர்கள்தான் அன்று எனக்கு வண்டி பிடித்துக் கொடுத்தது. ரயிலில் நடந்த விஷயமாக இருந்தால் 139-க்கும் சொல்லலாம், பொதுவாக அவசரத்துக்கு 112. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது 100 மட்டும்தான்.

கொல்லம் எப்படி என்றால், தம்பானூரில் கூட்டாளிகளைத் தேடிக்கொண்டு பிளாட்ஃபாரம் பிளாட்ஃபாரமாக ஓடியவன், புறப்படுகிற ஒரு பாசஞ்சர் வண்டியைப் பார்த்து நம்ம வண்டிதான் என்று ஏறிவிட்டான். அவனுக்கு மலையாளம் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. போர்டில் இங்கிலீஷும் இருக்கும், ஆனால் வண்டி நகரும்போது யார் போர்டைப் பார்ப்பார்? நேமம், பாலராமபுரம் என்று வரவேண்டிய இடத்தில் கழக்கூட்டம் வந்திருக்கிறது. வர்க்கலை தாண்டியபோது அழுதுகொண்டிருந்தவனைப் பார்த்து ஒரு பெரியவர் டி.டி.ஆரிடம் சொல்ல, அவர் கொல்லத்தில் ரயில்வே பாதுகாப்புப் படையிடம் ஒப்படைத்திருக்கிறார். அந்தப் பெரியவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

வாடகைக் கார் பிடித்து ராத்திரி இரண்டேகாலுக்குக் கொல்லம் ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தேன். போனதும் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அது நடக்காது. தனியாகக் கிடைத்த குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்தணும், அதுவரை இல்லத்தில் வைத்திருப்பார்கள், குழு உத்தரவு கொடுத்தால்தான் விடுவார்கள். நான்தான் அம்மா என்று அழுதேன். அங்கே இருந்த பெண், "சேச்சி பேடிக்கண்டா, மோன் உறங்ஙி, கஞ்ஞியும் பயறும் குடிச்சு" என்றாள். அக்கா பயப்படாதீங்க, பையன் கஞ்சியும் பயறும் சாப்பிட்டுத் தூங்கிவிட்டான் என்று அர்த்தம். கோபமாக வந்தது, அவளிடம் மோசமாகப் பேசினேன். விடிந்த பிறகு யோசித்தால், யார் வந்து அம்மா என்று சொன்னாலும் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்காத இடத்தில் அவன் இருந்ததுதான் நல்லது. வெயிட்டிங் ஹாலில் உட்கார்ந்து விடிய வைத்தேன். அந்தக் காத்திருப்புக்கும் காரோட்டிக்கு வாடகை ஓடியது.

காலை பத்தரைக்குக் குழு உட்கார்ந்தது. அடுத்த சிக்கல் பேப்பர். போனில் அவன் ஆதார் போட்டோ வைத்திருந்தேன், அதில் அப்பா பேர்தான் இருக்கிறது. நான் அம்மா என்பதற்கு என் கையில் ஒன்றும் இல்லை. ரேஷன் கார்டு வீட்டில், பிறப்புச் சான்றிதழ் அலமாரியில். என் அண்ணன் இரண்டையும் எடுத்துக்கொண்டு ரயிலில் வந்து சேர மதியம் ஒன்றரை. அதனால் சொல்கிறேன், இந்த மாதிரி போக வேண்டி வந்தால் வீட்டை விட்டு இறங்கும் முன் இரண்டு நிமிஷம் நின்று, பிள்ளையின் ஆதார், பிறப்புச் சான்றிதழ், ஸ்கூல் ஐடி, உங்கள் ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் அசலாக ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பையனைத் தனியாகக் கூப்பிட்டும் பேசினார்கள், வீட்டில் அடிக்கிறார்களா, ஏன் போனாய் என்று. அதில் சங்கடப்பட ஒன்றும் இல்லை, அவர்கள் கேட்க வேண்டியதுதான். கடைசியில் கையெழுத்துக்குக் கொடுத்த பேப்பர் மலையாளத்தில் இருந்தது. வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்டேன், ஒருவர் நிதானமாக வாசித்து அர்த்தமும் சொன்னார். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

அவனை முதலில் பார்த்தது அந்த அறை வாசலில். யாருடைய சட்டையோ போட்டிருந்தான், தோள்பட்டை தொங்கியது. ஸ்கூல் ஷூ ஈரம் காயாமல், ஓரத்தில் எல்லாம் கடல் மணல். அடிக்கணும் என்று ராத்திரி முழுக்க நினைத்திருந்தேன். பார்த்ததும் கை எழவில்லை. சாயங்காலம் கொல்லம் ஸ்டேஷனில் அவன் பையைத் தூக்கினேன், கனமாக இருந்தது. டிபன் பாக்ஸ். மூடியே திறக்கவில்லை. குழாயடியில் வைத்துத் திறந்தால் சோறு புளித்து நூல் நூலாக வருகிறது, சாளை நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். "ஒன்னுக்கும் நேரமில்லம்மா" என்றான்.

என்ன செய்தார்கள் என்று ரயிலில் வரும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். மூன்று பேர் கையிலும் சேர்த்து அறுநூற்றுச் சொச்சம் ரூபாய். முதலில் மிருகக்காட்சிசாலை. திங்கட்கிழமை அங்கே விடுமுறை என்பது இவர்களுக்குத் தெரியாது, மியூசியமும் பூட்டு. தோட்டத்தில் உட்கார்ந்து சட்டை மாற்றியிருக்கிறார்கள். அப்புறம் ஆக்குளம் லூலு மால், எஸ்கலேட்டரில் ஏழெட்டுத் தடவை மேலும் கீழும், ஐஸ்கிரீம், பஃப்ஸ். அப்புறம் சங்குமுகம். அதைக் கேட்டபோதுதான் எனக்கு வயிறு கலங்கியது. ஆடி மாதத்துக் கடல் அங்கே எப்படி இருக்கும் என்று நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கரையையே பல தடவை கடல் எடுத்துக்கொண்டு போன இடம். முழங்கால் தண்ணீரில் நின்று செல்ஃபி எடுத்திருக்கிறார்கள், ஒரு அலை வந்து இவனைக் கீழே தள்ளி, போன் கடலுக்குள் போய்விட்டது. லைஃப்கார்டு விசில் அடித்து விரட்டியிருக்கிறார். காணவில்லை என்று நான் அலைந்த ராத்திரி முழுக்க எனக்குத் தோன்றிய எல்லாப் பயத்தையும் விட, அந்த அலை ஒரு அடி பெரிதாக இருந்திருந்தால் என்பதுதான் இப்போதும் தூக்கத்தில் வருகிறது.

ஏன் போனான் என்பது மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் நான் கேட்டு இல்லை, வீடு கூட்டும்போது ஷூ ஸ்டாண்டுக்கு அடியில் மடித்து வைத்த கணக்குப் பேப்பர் கிடைத்தது. நூற்றுக்கு 23. திங்கட்கிழமை அம்மா கையெழுத்தோடு கொண்டு வரணும், இல்லாவிட்டால் பெற்றோரைக் கூட்டி வரணும். மற்ற இரண்டு பேருக்கும் அதே கதை. எனக்கு அது ஊர் சுற்றுகிற ஆசை மட்டும் என்றுதான் பட்டிருந்தது. திருட்டுத்தனமாக ஒரு நாள் லீவு போட்டால், அந்த நாளில் ஸ்கூலில் என்ன இருந்தது என்று பாருங்கள். இப்போது பேப்பர் வந்தால் மார்க் எதுவானாலும் முதலில் கையெழுத்து, பேச்சு அதற்குப் பிறகு என்று வைத்திருக்கிறேன். போன மாதம் 41 வாங்கிவிட்டு நேரே என்னிடம் நீட்டினான்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். கார் வாடகை, காத்திருப்பு சேர்த்து 6,500. அவன் கையில் கொடுத்திருந்த போன் 9,800-க்கு வாங்கியது. மஸ்கட்டில் கணவர் பதறி அடித்து மறுநாள் காலை ஃப்ளைட் புக் பண்ணி, பையன் கிடைத்த பிறகு ரத்து செய்ததில் 11,400 போயிற்று. பிளவுஸ் சொன்ன நேரத்துக்குக் கொடுக்காததால் அட்வான்ஸ் 1,500 திருப்பிக் கொடுத்தேன். முப்பதாயிரம் நெருங்கிவிட்டது. இதில் கணவருக்கு நான் சொன்ன விதம் தப்பு. ராத்திரி ஒன்பதுக்கு, ஆள் எங்கே என்று தெரியாத நேரத்தில், அழுதுகொண்டே பாதிச் சொல்லி போனை வைத்துவிட்டேன். சொல்ல வேண்டாம் என்று சொல்லவில்லை. யாராவது ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இன்னது நடந்தது, இன்னது செய்துகொண்டிருக்கிறோம் என்று சொல்லியிருந்தால் அவர் டிக்கெட் எடுத்திருக்க மாட்டார். ஸ்கூலில் டி.சி. வாங்கிக்கொண்டு போங்கள் என்றுதான் முதலில் பேசினார்கள். மூன்று அம்மாக்களும் ஒன்றாகப் போனோம், எழுதிக் கொடுத்தோம், ஒரு வாரம் கழித்து உள்ளே விட்டார்கள். தனியாகப் போயிருந்தால் என்ன நடந்திருக்குமோ.

இன்னும் ஒரு விஷயம் முடியவில்லை. அன்று ராத்திரி தெரிந்தவர் ஒருவர் உதவி செய்கிறேன் என்று என் மகன் போட்டோவையும் என் நம்பரையும் போட்டு "காணவில்லை" என்று வாட்ஸப்பில் விட்டார். நான்தான் சரி என்றேன். தேதி போடவில்லை. பதினொன்று இருபதுக்கே இடம் தெரிந்துவிட்டது, கிடைத்துவிட்டான் என்று மறுநாள் திரும்பத் திரும்ப அனுப்பினோம், ஆனால் முதல் மெசேஜ் போன இடத்துக்கெல்லாம் இரண்டாவது போகவில்லை. அவன் கிளாஸில் பையன்கள் அதைக் காட்டிக் கேலி செய்திருக்கிறார்கள், இரண்டு நாள் ஸ்கூலுக்குப் போக மாட்டேன் என்று அழுதான். போட்டோவைப் போலீஸுக்கும் 1098-க்கும் கொடுங்கள். வெளியே விடத்தான் வேண்டும் என்றால் தேதி, நேரம் போட்டு, உங்கள் நம்பருக்குப் பதில் ஸ்டேஷன் நம்பரைப் போடுங்கள். நேற்று மதியம் கூட ஒரு கால் வந்தது, பாறசாலையிலிருந்து யாரோ ஒரு பெரியவர், மலையாளம் கலந்த தமிழில். "மோளே, அந்தப் பையன் கிடைச்சானா?" என்று கேட்டார். கிடைத்துவிட்டான், ஜூலையிலேயே கிடைத்துவிட்டான் என்று சொன்னேன். அவன் அப்போது உள்ளே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான். "நல்லதும்மா, ரெண்டு நாளா மனசுல கெடந்துது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.